ஆய்வில் சேரச் சொல்கிறார்களா?

வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவோ பைபோலாரோ இருந்து, பெரிய மருத்துவமனை ஒன்றின் ஓபியில் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால், என்றாவது ஒரு நாள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் ஆராய்ச்சி உதவியாளர் பக்கத்தில் வந்து உட்காரக்கூடும். "ஒரு ஸ்டடி நடக்குது, நீங்களும் கலந்துக்கலாம்" என்பார். கூட வந்த அம்மாவோ அண்ணனோ இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "எங்க புள்ளைய வச்சு சோதனை பண்றீங்களா?" என்று எழுந்துவிடுவார்கள். அல்லது "டாக்டர் சொன்னா சரிதான்" என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார்கள்.

இரண்டுமே அவசரம். மனநோயைப் பற்றி இன்று உருப்படியாகத் தெரிந்ததெல்லாம், யாரோ சில குடும்பங்கள் இப்படி ஓர் ஆய்வுக்குச் சம்மதித்ததால் தெரிந்தவை. 1980களின் தொடக்கத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு முதன்முறையாக மனச்சிதைவோடு வந்த 90 பேரை ஆய்வாளர்கள் பின்தொடரத் தொடங்கினார்கள். பின்னர் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் சக ஊழியர்களும் அதை 20 ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தார்கள். 'இந்த நோய் வந்தால் வாழ்க்கை அவ்வளவுதான்' என்று நம்பியிருந்த காலத்தில், பெரும்பாலானவர்களுக்கு அது வந்து அடங்கி, மீண்டும் தலைகாட்டி, மறுபடி அடங்கும் நோயாகவே இருந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறுபகுதியினர்தான். இப்படியொரு தகவல் வேண்டுமென்றால் யாராவது ஆய்வில் சேரத்தான் வேண்டும். எப்படிச் சேர்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

செய்ய வேண்டியவை

எந்த மாதிரி ஆய்வு என்று கேளுங்கள். ஸ்டடி என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு அனுப்புவதும் ஸ்டடி. ரத்தம் எடுத்து மரபணு பார்ப்பதும், தலைக்கு ஸ்கேன் எடுப்பதும், வீட்டுக்கே சமூகப் பணியாளர் வந்து பேசுவதும் அப்படித்தான். சந்தைக்கு வராத மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதும் ஸ்டடிதான். முதல் வகைக்குப் பயப்படுவதில் அர்த்தமில்லை. கடைசி வகைக்கு இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் தனியாகவே இருக்கின்றன. எது என்று தெரியாமல் சம்மதமும் சொல்லாதீர்கள், மறுப்பும் சொல்லாதீர்கள்.

'எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள்?' என்று கேளுங்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேட்கச் சொல்வேன். மனநல மருத்துவத்தின் பழைய தவறுகள் பலவும் இந்தக் கேள்வியைக் கேட்காததால் நீடித்தவை. 1930களில் மன்ஃபிரெட் சாக்கெல் என்ற மருத்துவர் இன்சுலின் ஊசி போட்டு நோயாளியைக் கோமாவுக்குக் கொண்டுபோய், குளுக்கோஸ் கொடுத்து எழுப்பும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். மனச்சிதைவு குணமாகிறது என்று உலகெங்கும் அதைச் செய்தார்கள். சிலர் அந்தக் கோமாவிலிருந்து எழவே இல்லை. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல், பிரிட்டனில் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு இன்சுலின் கோமா, மீதிப் பேருக்கு வெறும் தூக்க மருந்தால் வந்த மயக்கம். மற்ற கவனிப்பெல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றே. முடிவில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. தனி வார்டும், கூடவே இருக்கும் நர்சுகளும், 'உனக்குச் சரியாகும்' என்ற நம்பிக்கையும்தான் வேலை செய்திருக்க வேண்டும். இன்சுலினுக்கு அதில் பங்கில்லை.

நம் ஊரிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. அங்கே மருந்து கிடையாது, சங்கிலி கிடையாது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியிருப்பார். தங்கிய காலத்தில் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. ஆதரவான, மிரட்டாத சூழலே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் அடக்கமாகவே எழுதினார்கள். கோயிலில் தங்காத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை என்பதால், கோயிலால் குணமானதா, நாள்போக்கில் தானே தணிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதைக் காட்டி 'மருந்தே வேண்டாம்' என்பவரிடமும், 'கோயில் எதற்கும் உதவாது' என்பவரிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். எதோடு ஒப்பிட்டீர்கள்?

உங்கள் ஆய்வுக்கும் இதே கேள்வி. மறுபக்கத்தில் இருப்பது இப்போதைய மருந்தா, டம்மி மாத்திரையா? டம்மி என்றால், இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? எத்தனை நாளுக்கு? அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு நோய் முற்றினால் யாரைக் கூப்பிடுவது? குலுக்கல் முறையில் குழு பிரிப்பார்கள் என்பதால், 'நல்ல மருந்து எங்களுக்குக் கொடுங்க' என்று சிபாரிசு பிடித்துப் பயனில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் சம்மதம் என்றால் சேர வேண்டாம்.

சிகிச்சை தரும் டாக்டரையும் ஆய்வு நடத்தும் டாக்டரையும் மனத்தில் பிரித்து வையுங்கள். இருவரும் ஒரே ஆளாக இருந்தால், இன்னும் கூடுதலாகப் பிரித்து வையுங்கள். சிகிச்சையில் டாக்டரின் வேலை உங்கள் பிள்ளை தேறுவது. ஆய்வில் அவர் வேலை ஒரு கேள்விக்கு நம்பகமான விடை கண்டுபிடிப்பது. மருந்தின் அளவு, வேறு மருந்துக்கு மாற்றுவது எல்லாம் அங்கே ஆய்வுத் திட்டத்தில் எழுதியபடிதான். 'எனக்கு நல்லது என்றுதான் இதைக் கொடுக்கிறார்கள்' என்று ஆய்வில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கொள்வதை பால் ஆப்பெல்பாமும் சக ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார்கள். எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் அந்த எண்ணம் எளிதில் போகாது என்பதுதான் சிக்கல்.

இது வெறும் தத்துவ விவாதம் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், மருந்துக் கம்பெனி ஒன்றின் பணத்தில் நடந்த மனச்சிதைவு மருந்து ஆய்வில் 26 வயது இளைஞர் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்புவதா என்பது நீதிமன்றத்தில் இருந்தது. டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால் மருத்துவமனையில் அடைக்க வேண்டாம் என்று உத்தரவு. சிகிச்சை தந்த டாக்டரே ஆய்வையும் நடத்தினார். அந்த நிலையில் போட்ட கையெழுத்து எவ்வளவு சுயேச்சையானது என்று நீங்களே யோசியுங்கள். மகன் மோசமாகிறான் என்று தாய் திரும்பத் திரும்ப எழுதியும் அவரை ஆய்விலிருந்து விலக்கவில்லை. 2004 மே மாதம் அவர் தற்கொலை செய்துகொண்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2015இல், மாநிலத்தின் தணிக்கை அலுவலகம் அந்த விவகாரத்தில் கடுமையான அறக் குறைபாடுகள் இருந்ததாக அறிக்கை தந்தது. அதன்பிறகுதான் பல்கலைக்கழகம் மனநல மருந்து ஆய்வுகளில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது.

ஆகவே, ஆய்வில் சம்பந்தமே இல்லாத ஒரு மனநல மருத்துவரிடம் படிவத்தைக் காட்டுங்கள். வேறு ஊரில் இருப்பவர் என்றாலும் பரவாயில்லை.

நோயாளியைக் கேளுங்கள். நம் வீடுகளில் இதுதான் கடைசியில் நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. அப்பாவும் மாமாவும் டாக்டரும் பேசி முடித்துவிடுவார்கள். பாதிக்கப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இதற்கு இடம் தரவில்லை. வெறும் நேர்காணல் என்றாலும் மனநோய் உள்ளவரின் சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும். அவரால் ஒப்புதல் தர முடியாத நிலையென்றால், அவர் எதிர்க்காத பட்சத்தில் மட்டும், மாநில மனநல ஆணையத்தின் அனுமதியோடுதான் சிகிச்சை தொடர்பான ஆய்வில் சேர்க்கலாம். அப்போதும் அவருடைய நியமனப் பிரதிநிதியின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் தர முடிந்தவர்களை வைத்தே அந்த ஆய்வை நடத்த முடியும் என்றால் அனுமதியே கிடைக்காது. பெற்றவரின் கையெழுத்து மட்டும் போதாது.

'அவனுக்கு என்ன புரியும்?' என்பவர்களுக்கு: 2000இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஒப்புதல் விவரங்கள் முதல்முறை சொன்னபோது மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் புரிந்தது. பொறுமையாக மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. எனவே இரண்டு நாள் விட்டு, மருந்தின் மந்தம் குறைந்த வேளையில், தமிழில், துண்டுதுண்டாகச் சொல்லுங்கள். பிறகு அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவு செய்வது 2009இல் கட்டாயமானது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆய்வை நடத்துபவர் பெயர், பணம் கொடுப்பது யார், எத்தனை பேர், எதை அளக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

இந்த முன்பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் என்பவர் குழுவோடு தோண்டிப் பார்த்து 2008இல் வெளியிட்டார். அந்த அமைப்பின் பார்வையில் மருந்துக்குச் சாதகமானவை 38. அவற்றில் 37 இதழ்களில் அச்சாகிவிட்டன. சாதகமில்லாதவை அல்லது சந்தேகத்துக்குரியவை 36. அவற்றில் 22 வெளியே வரவேயில்லை. 11, சாதகமான முடிவு போல எழுதப்பட்டு வந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்று. வெளிவராத 22 ஆய்வுகளிலும் ஆட்கள் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள், பக்கவிளைவைத் தாங்கியிருக்கிறார்கள். பதிவு எண் இல்லாத மருந்து ஆய்வென்றால் எழுந்து வந்துவிடலாம்.

சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, சித்த மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த லேகியம் எல்லாமும். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் மனநோய்க்கு உதவும் என்று கண்டறிந்த லித்தியம் இன்றும் பைபோலாருக்கு முதன்மையான மருந்துகளில் ஒன்று. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சில வலி மாத்திரைகளும், வெயிலில் நீர் வற்றுவதும், திடீரென்று உப்பைக் குறைப்பதும் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். 'நாட்டு மருந்துதானே' என்பவர்களுக்கு சர்ப்பகந்தா வேரை நினைவூட்டலாம். மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் அது வேலை செய்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931லேயே எழுதினார்கள். அந்த வேரிலிருந்து பிரித்த ரெசர்பின் பின்னாளில் உலகெங்கும் மருந்தானது. அந்த அளவு வீரியமுள்ள வேர் ஆய்வு மாத்திரையோடு மோதாது என்று எப்படிச் சொல்வது?

பாதிப்பு வந்தால் யார் செலவு என்பதைப் படிவத்தில் தேடுங்கள். 2019 விதிகளின்படி, மருந்துப் பரிசோதனையால் உடல்நலம் கெட்டால் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும். பரிசோதனையால்தான் மரணமோ ஊனமோ என்றால் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும். அதைப் போனில் சேமித்து வையுங்கள். அந்தக் கமிட்டியில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. தயங்காமல் பேசலாம்.

செய்யக்கூடாதவை

அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது உங்கள் உரிமை. தமிழில் இல்லாத படிவத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவர் கையெழுத்துப் போடக்கூடாது.

இலவச மாத்திரைக்காகச் சேராதீர்கள். மாதம் ஆயிரக்கணக்கில் மருந்துக்குச் செலவழிக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்வது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம் என்று தெரியும். ஆய்வு முடிந்த மறுநாள் அந்த மாத்திரை எங்கே கிடைக்கும், என்ன விலை என்றாவது கேட்டுவிடுங்கள்.

குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். நோய் இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவருக்கு மோரிலோ காபியிலோ மாத்திரையைக் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். ஆய்வு மருந்தில் அதற்கு இடமே இல்லை. சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாதவர் தலைசுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று எதனோடு சேர்த்துச் சொல்வார்?

அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "தூக்கம் எப்படி?" என்று ஆய்வாளர் கேட்டால் "நல்லா தூங்குறான் சார்" என்று முந்திக்கொள்வது பாசத்தில் வருவது. ஆனால் மதிப்பெண் போடும் தாளில் உங்கள் நம்பிக்கை ஏறிவிடும், அவருடைய ராத்திரி ஏறாது. சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்ற கேள்வியின்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். அம்மாவின் முன்னால் அதற்கு 'ஆமாம்' சொல்லும் பிள்ளைகள் குறைவு.

டம்மியா, மருந்தா என்று துப்பறியாதீர்கள். மாத்திரையைக் கடித்துப் பார்ப்பது, ஓபியில் பக்கத்து ஆளோடு ஒப்பிடுவது எல்லாம் வேண்டாம்.

திடீரென்று நிறுத்தாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், சட்டமே அதைச் சொல்கிறது, வழக்கமான சிகிச்சையும் அதனால் குறையக்கூடாது. ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகளை ஒரே நாளில் நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். விலகுவது வெட்கப்படும் காரியமும் இல்லை. அமெரிக்க அரசு செலவில் 1,493 மனச்சிதைவு நோயாளிகளை வைத்து நடந்த கேட்டி ஆய்வில், 18 மாதம் முடிவதற்குள் 74 சதவீதம் பேர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டார்கள் அல்லது மாற்றிக்கொண்டார்கள். அந்த நிறுத்தமே ஒரு முடிவானது. விலை கூடிய புதிய மருந்துகளில் பெரும்பாலானவை பெர்ஃபனசின் என்ற பழைய மலிவான மருந்தைவிட மேல் என்று நிரூபிக்கவில்லை என்பதை 2005இல் உலகம் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டது.

மரபணு ஆய்வை ஜாதகமாக்காதீர்கள். தங்கைக்குக் கல்யாணம் பேசும் வீட்டில் இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2022இல் வந்த மிகப் பெரிய மரபணு ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ளதாக மரபணுத் தொகுப்பில் 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான். ஆய்வுக்குக் கொடுத்த ரத்தத்திலிருந்து 'உங்கள் குடும்பத்தில் யாருக்கு வரும்' என்று எவரும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

காரணத்தைத் தேடி வீட்டிலேயே ஒருவர் மேல் பழி போடாதீர்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதினார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் மேற்கத்திய நாடுகளில் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையின் நோயோடு இந்தப் பட்டத்தையும் சுமந்தார்கள். ஆய்வுகள் அதற்கு ஆதாரம் தரவில்லை, கருத்து கைவிடப்பட்டது. இங்கே தாய்க்குப் பதில் மருமகள் மாட்டிக்கொள்கிறாள். 'அவ வந்த நேரம்' என்பார்கள். பெண்ணுக்கே நோய் வந்தால் இன்னும் மோசம்: மனச்சிதைவு வந்து கணவரால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் செய்த ஆய்வுகளைப் படித்தால் தெரியும்.

காரணம் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கு மூளையில் செரட்டோனின் குறைவதுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் ஒரு மதிப்பாய்வு சொன்னபோது, 'அப்படியானால் மாத்திரை எல்லாம் ஏமாற்றா?' என்று பலர் கேட்டார்கள். காரணம் ஒரு கேள்வி, சிகிச்சை இன்னொரு கேள்வி. மாத்திரை வேலை செய்கிறதா என்பதை டம்மியோடு ஒப்பிட்ட பரிசோதனைகள்தான் சொல்ல வேண்டும். அவை, சராசரியாகப் பார்த்தால், ஓரளவு பலன் உண்டு என்கின்றன. எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் திறந்த கேள்வியாகவே இருக்கலாம். லித்தியம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படித்தான் இருக்கிறது.

சேர்ந்த பிறகு

நோய் முற்றினால் ஆய்வின் அடுத்த சந்திப்பு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே போன் செய்யுங்கள். ஆய்வாளர் எடுக்கவில்லை என்றால் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஆய்வில் இருப்பதைச் சொல்லுங்கள், ஒப்புதல் படிவத்தின் நகலையும் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.

கடைசியாக, முடிவைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான குடும்பங்கள் கடைசிச் சந்திப்போடு மறந்துவிடும், பல ஆய்வாளர்களும் சொல்லாமலே போய்விடுவார்கள். காப்சி என்ற ஆய்வு தமிழ்நாட்டிலும் கோவாவிலும் மகாராஷ்டிராவிலும் 282 மனச்சிதைவு நோயாளிகளோடு நடந்தது. மருத்துவமனைக்கு வந்து போவது மட்டும் ஒரு தரப்பு. மற்றொரு தரப்புக்கு அதோடு கூட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போவார்கள். 2014இல் லான்செட்டில் முடிவு வந்தது: பலன் மிதமானதுதான், அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போவதை அது குறைத்தது, தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அந்தப் பலன் மற்ற இடங்களைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதில் கலந்துகொண்ட ஒருவரின் வீட்டில் இதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, 'எங்க ஊருக்கு அந்த மாதிரி ஆள் எப்ப வருவாங்க?' என்று கேட்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும்.